விலை இறங்கும் நேரத்தில் புது டவுன்ஹவுஸ் வாங்கலாமா? (டர்பன் வடக்கு, தென்னாப்பிரிக்கா)

கேள்வி, 2023 ஜூன் 11

வெருலம் பக்கம் புதிதாக எழும்பும் ஒரு காம்ப்ளெக்ஸில் மூன்று படுக்கையறை டூப்ளெக்ஸ் பார்த்து வைத்திருக்கிறோம். விலை 16,50,000 ராண்ட். முதல் கட்டத்தில் 28 வீடுகள், பாதிக்கு மேல் இன்னும் விற்கவில்லை. இப்போது ஃபீனிக்ஸில் 11,500 வாடகை கொடுக்கிறோம். ஏஜென்ட் சொல்வது இது: பழைய வீடுகளுக்குத்தான் விலை இறங்குகிறது, புது வீட்டின் விலை நிற்கும், டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்ற சொத்து மாற்று வரியும் கிடையாது, மாதம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். முழுத் தொகைக்கும் பாண்டு, அதாவது வீட்டுக் கடன், கிடைக்குமாம். வீட்டில் அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. வாங்கலாமா, காத்திருக்கலாமா?

2023 ஜூன் 12

தம்பி, கையெழுத்து இருக்கட்டும். முதலில் மூன்று விஷயம் விசாரித்துவிட்டு வாருங்கள். விற்காத வீடு சரியாக எத்தனை? இரண்டாம் கட்டம் உண்டா, உண்டென்றால் எத்தனை வீடு? விற்ற வீடுகளில் குடியிருக்க வாங்கியவர் எத்தனை பேர், வாடகைக்கு விட வாங்கியவர் எத்தனை பேர்? சமையல் மேடைக் கல் என்ன நிறம் என்பதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

2023 ஜூன் 18

ஏன் அதைக் கேட்டேன் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

செய்தித்தாளில் வீட்டுச் சந்தை என்று எழுதுவது நாடு முழுவதற்குமான கணக்கு. கேப் டவுனில் ஒரு கதை, ஜோஹானஸ்பர்க்கில் வேறு கதை, டர்பனுக்குள்ளேயே உம்லாங்கா ஒரு பக்கம் ஃபீனிக்ஸ் ஒரு பக்கம். விலைவாசி ஏறும் வேகத்துக்கு வீட்டு விலை ஏறவில்லை என்பது பொதுவாக உண்மை, அதாவது விலை அப்படியே நின்றாலும் வீட்டின் மதிப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் புது காம்ப்ளெக்ஸில் வாங்குகிறவருக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். உங்கள் சந்தை அந்த ஒரு கேட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதே அளவு, அதே ஜன்னல், அதே டைல்ஸ் உள்ள வீட்டைப் பக்கத்திலேயே இன்னொருவர் விற்கிறார், அவர் பெயர் டெவலப்பர். அவருக்குக் கட்டுமானக் கடன் மேல் மாதா மாதம் வட்டி ஓடுகிறது. அவர் பொறுமை இழந்து 1,00,000 குறைத்தால் உங்கள் வீட்டுக்கும் அதே நாளில் 1,00,000 குறைந்துவிட்டது. நீங்கள் எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். சாட்ஸ்வொர்த்திலோ ஷால்கிராஸிலோ தனி வீடு வாங்கினால் இது நடக்காது, அங்கே உங்கள் வீட்டைப் போல இன்னொரு வீடு இல்லை.

வாடகைக்கு வாங்கியவர்களைப் பற்றிக் கேட்டதற்கும் காரணம் உண்டு. இந்த நாட்டில் வாடகைக்கு விடும் குடியிருப்புகள் குறைந்தது ஐந்து வைத்திருப்பவருக்கு, புதிதாகக் கட்டியதை வாங்கினால் அதன் விலையில் ஆண்டுக்கு 5 சதவீதம் வரை வருமான வரியில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதனால் புது காம்ப்ளெக்ஸ் திறந்தால் மொத்தமாக நாலு ஐந்து என்று வாங்குகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு எண், அவ்வளவுதான். நேரம் சரியில்லை என்றால் எல்லோரும் ஒரே மாதத்தில் விற்பனைப் பலகை மாட்டுவார்கள், நீங்களோ அங்கே குடியிருப்பீர்கள்.

2023 ஜூன் 18, இரவு

டிரான்ஸ்ஃபர் டியூட்டி விஷயத்தை விட்டுவிட்டேன். ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு உள்ள டெவலப்பரிடம் வாங்கினால் டியூட்டி கிடையாது, ஏனென்றால் விலைக்குள்ளேயே 15 சதவீதம் வாட் உட்கார்ந்திருக்கிறது. 16,50,000இல் அது 2,15,217 ராண்ட். இதே விலைக்கு ஒரு பழைய வீட்டைத் தனியாளிடம் வாங்கினால் டியூட்டி எவ்வளவு? 2023 மார்ச்சில் வந்த விகிதப்படி 11,00,000 வரை எதுவும் இல்லை, அதிலிருந்து 15,12,500 வரை 3 சதவீதம், அதற்கு மேல் உள்ளதற்கு 6 சதவீதம். கூட்டினால் 20,625.

ஆக மிச்சம் என்று அவர் காட்டுவது இருபதாயிரம். உள்ளே இருப்பது இரண்டு லட்சத்துக்கு மேல்.

2023 ஜூன் 20

அந்த வாட் முழுவதையும் நஷ்டம் என்று எண்ணக் கூடாது என்று மிட்ராண்டிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் கட்டிய வாட்டை டெவலப்பர் கழித்துக்கொள்வார், அதனால் அந்த 2,15,217 முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. சரி. ஆனால் நான் பேசுவது தம்பி விற்கப்போகும் நாளைப் பற்றி. அவர் விற்கும்போது அது பழைய வீடு. வாங்க வருகிறவர் பக்கத்துத் தெருப் பழைய வீட்டோடுதான் ஒப்பிடுவார், நான் வாட் கொடுத்து வாங்கினேன் என்றால் அவருக்கென்ன. விலை ஏறும் காலத்தில் இந்த இடைவெளியை இரண்டு மூன்று வருட ஏற்றம் மூடிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இறங்கும் காலத்தில் அது திறந்தே கிடக்கும்.

2023 ஜூலை 2

வாடகைக் கணக்கு கேட்டிருந்தீர்கள். மே 25 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது தன் அடிப்படை வட்டியை, 8.25 சதவீதம் ஆக்கியது, வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியான பிரைம் 11.75. முழுத் தொகைக்கும் பிரைமில் 20 வருடத்துக்குப் பாண்டு என்றால் மாதம் சுமார் 17,880. 2020இல் பிரைம் 7 சதவீதமாக இருந்தபோது இதே கடனுக்கு 12,790தான். அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் இப்போது விழி பிதுங்கி நிற்கிறார்கள், அவர்கள் வீடுகளும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

17,880இல் முதல் மாதம் 16,156 வட்டி. அசலில் கழிவது 1,725 போல. இதோடு லெவி (காம்ப்ளெக்ஸ் பராமரிப்புக்கு மாதா மாதம் கட்டுவது), முனிசிபாலிட்டி வரி, வீட்டுக்குள் ஒரு குழாய் ஒழுகினால் அதுவும் உங்கள் தலையில். எப்படிப் பார்த்தாலும் 20,000க்கு மேல். வாடகையோடு ஒப்பிட்டால் மாதம் 9,000 வித்தியாசம். காத்திருந்தால் அந்த 9,000 உங்கள் கையில் நிற்கும், அதுவும் நீங்கள் உண்மையாகவே எடுத்து வைத்தால். எடுத்து வைக்க மாட்டீர்கள் என்றால் இந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் மிச்சப்படுத்திய காசு எல்லாம் காவடி மாதத்தில் காணாமல் போகும்.

2023 ஜூலை 21

நேற்று வட்டியை ஏற்றவில்லை, 8.25இலேயே நிறுத்திவிட்டார்கள். ஏஜென்ட்கள் எல்லோரும் அடுத்தது இறக்கம்தான் என்று வாட்ஸ்அப்பில் பட்டாசு வெடிக்கிறார்கள். பொறுங்கள்.

2023 ஆகஸ்ட் 13

தம்பி ஒப்பந்தப் படிவத்தை அனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன், பக்கத்தில் மாமியார். அவர் பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் நகராட்சி தன் தொழிலாளர்களுக்காக வைத்திருந்த வரிசை வீடுகள் அவை, இருந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். 1960களில் நிறவெறி ஆட்சியின் குரூப் ஏரியாஸ் சட்டம் அத்தனை பேரையும் சாட்ஸ்வொர்த்துக்கு நகர்த்தியது. அவர் விலையைக் கேட்கவில்லை, வட்டியைக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த மண்ணு யாரு பேர்ல?"

நல்ல கேள்வி. அது செக்‌ஷனல் டைட்டில். சுவரின் நடுக்கோடு வரைக்கும்தான் உங்கள் பெயர். மண், கூரை, வெளிச்சுவர், கேட், பாதை எல்லாம் எல்லோருக்கும் பிரிக்காத பங்கு. வீட்டுக்குப் பின்னால் அந்தச் சின்னத் தோட்டம் உங்களுக்கு மட்டும் அனுபவ உரிமை, சொந்தம் இல்லை. முருங்கை வைக்கலாமா என்பதற்கே விதிமுறை பார்க்க வேண்டும்.

அப்புறம் படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது, அதைத்தான் தம்பி பார்க்காமல் விட்டிருக்கிறார். செக்‌ஷனல் டைட்டில் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி திட்டத்தை விரிவாக்கும் உரிமையை டெவலப்பர் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். அதாவது இப்போது புல்வெளியாகத் தெரியும் இடத்தில் இன்னும் வீடுகள் வரலாம், பல வருடம் கழித்துக்கூட. இந்த உரிமையை விற்பனைப் பத்திரத்தில் சொல்லாமல் மறைத்தால் வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், அதனால்தான் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது நல்லது. ஆனால் என் முதல் நாள் கேள்விக்கு, இரண்டாம் கட்டம் உண்டா என்பதற்கு, ஏஜென்ட் "இன்னும் முடிவாகவில்லை" என்றாரே, படிவமோ அதற்கான உரிமையை ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டது.

2023 ஆகஸ்ட் 14

கையெழுத்துப் போட்டு ஐந்து நாளுக்குள் மனம் மாறலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சலுகை 2,50,000 ராண்டும் அதற்குக் கீழும் உள்ள விலைக்குத்தான். இன்றைக்கு அந்த விலைக்கு டர்பனில் ஒரு கார் கராஜ் கிடைத்தால் சொல்லுங்கள், நான் வாங்குகிறேன்.

2023 அக்டோபர் 8

லெவி. இதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு, எங்கள் காம்ப்ளெக்ஸில் டிரஸ்டியாக, அதாவது நிர்வாகக் குழுவில், இருந்து கூட்டத்துக்குக் கூட்டம் வசவு வாங்குகிறவள் நான்.

விளம்பரத் தாளில் லெவி 1,180 என்று போட்டிருக்கிறார்கள். 28 வீடும் கட்டினால் மாதம் 33,040. இரவும் பகலும் கேட்டில் ஆள் நிற்க வேண்டும் என்றால் அதிலேயே பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில் கட்டட இன்சூரன்ஸ், தோட்டக்காரர், மேனேஜிங் ஏஜென்ட், மின்வேலி, பொது விளக்கு. முதல் வருடத்தில் எதுவும் உடையாது, அதனால் ஓடும். அப்புறம் ஓடாது. விற்பதற்காக லெவியைக் குறைத்துக் காட்டுவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். முதல் ஆண்டுக் கூட்டத்திலேயே ஏற்றம் வரும், அப்போது திட்டு டெவலப்பருக்கு இல்லை, டிரஸ்டிகளுக்கு.

2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு திட்டத்துக்கும் சேமிப்பு நிதி தனியாக வேண்டும், பத்து வருடப் பராமரிப்புத் திட்டமும் வேண்டும். நிதி மிகக் குறைவாக இருந்தால் அந்த வருட நிர்வாக லெவி பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதம் அதற்குப் போக வேண்டும். புது காம்ப்ளெக்ஸில் நிதி சைபரில் தொடங்கும். 1,180இல் அந்த 15 சதவீதம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பட்ஜெட்டை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. விற்காத வீடுகளுக்கு லெவி கட்ட வேண்டியவர் டெவலப்பர். பணம் இறுகும்போது அவர் முதலில் நிறுத்துவது இதைத்தான். அவரிடம் விற்காத வீட்டுக்கான ஓட்டும் இருக்கிறது, அதனால் அவரிடம் பாக்கியை வசூலிக்கும் தீர்மானத்துக்கு அவரே கை தூக்க வேண்டிய வேடிக்கையும் நடக்கும். புகார் கொடுக்க சி.எஸ்.ஓ.எஸ். என்ற குறைதீர் அமைப்பு இருக்கிறது, எல்லோரிடமும் லெவியில் 500க்கு மேற்பட்டதில் 2 சதவீதம், அதிகபட்சம் 40 ராண்ட், அதற்காக வாங்குகிறார்கள். போங்கள், ஆனால் பொறுமையோடு போங்கள்.

2023 அக்டோபர் 15

"வீடு என்ன பங்குச் சந்தையா, வாழத்தானே வாங்குகிறோம்" என்று ஒரு தங்கச்சி கோபப்பட்டிருக்கிறாள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, பாதி ஒப்புக்கொள்கிறேன். 10 வருடம் அங்கேயே இருப்பேன், பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவான், வேலை நிலையானது என்றால் இந்த விலை இறக்கம் காகிதத்தில்தான். ஆனால் இந்த நாட்டில் 10 வருடம் இருப்பேன் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் இப்போது ஆஸ்திரேலியாவிலும் கேப் டவுனிலும் இருக்கிறார்கள்? முழுத் தொகைக்குக் கடன் வாங்கியவர் மூன்றாம் வருடத்தில் விற்க நேர்ந்தால் ஏஜென்ட் கமிஷன், பாண்டு ரத்துச் செலவு, 90 நாள் முன்னறிவிப்பு கொடுக்காவிட்டால் அதற்கு அபராதம், எல்லாம் கையிலிருந்துதான் போகும்.

தம்பி, நீங்கள் எத்தனை வருடம் இருப்பீர்கள்? அதை இன்னும் சொல்லவில்லை.

2023 நவம்பர் 13

தீபாவளி வாழ்த்து. வாண வேடிக்கைக்குக் காம்ப்ளெக்ஸ் விதி என்ன என்று கேட்டு மூன்று பேர். பெரும்பாலான காம்ப்ளெக்ஸில் வெடி கூடாது. சாம்பிராணிப் புகைக்கு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார், அவருடைய பிராய் (வெளியில் இறைச்சி சுடுவது) புகை எங்கள் துணிமணி முழுவதும் வருவதைப் பற்றி அவருக்குத் தெரியாதாம். காவடிக்கு உடுக்கை, மேளம் அடிக்கலாமா என்பதையும் நடத்தை விதிகளில் பார்த்துவிடுங்கள். புது இடத்தில் ஒரு நன்மை, விதிகளை மாற்ற எல்லோருக்கும் அப்போதுதான் மனம் திறந்திருக்கும், ஆனால் 75 சதவீத ஓட்டுள்ள தீர்மானம் வேண்டும்.

2024 பிப்ரவரி 4

தம்பி திரும்பி வந்திருக்கிறார். வாடகை வீட்டிலேயே இருக்கிறார், அந்த 28இல் இன்னும் விற்காதது நிறைய. விலை மட்டும் அதே 16,50,000. ஆனால் இப்போது இன்வெர்ட்டர் இலவசம், ஆறு மாத லெவி இலவசம், பத்திரச் செலவு இலவசம், அடுப்பும் இலவசம்.

ஏன் விலையைக் குறைக்காமல் சாமானாகக் கொடுக்கிறார்? விலை பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவாகிறது. அடுத்து வாங்க வருகிறவரும் பார்க்கலாம், வங்கி மதிப்பீட்டாளரும் பார்ப்பார். ஒரு வீடு 15 லட்சத்துக்குப் பதிவானால் மற்றதை 16.5க்கு விற்க முடியாது. இன்வெர்ட்டர் எங்கும் பதிவாகாது. அதனால் தாராளமாகக் கொடுப்பார்.

உங்களுக்கு அது இலவசமும் இல்லை. இன்வெர்ட்டரை 60,000 என்று வைத்தால் அந்தத் தொகை உங்கள் பாண்டுக்குள்தான் இருக்கிறது, 11.75இல் மாதம் 650, 20 வருடத்தில் 1,56,000. பேட்டரி அதற்குள் செத்திருக்கும். சாமான் வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

2024 பிப்ரவரி 11

இந்த வாரம் மழைக்குப் பின் போய்ப் பார்த்தாராம், நல்ல வேலை செய்தார். ஷோ ஹவுஸை வெயிலில் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. நம் வடக்குப் பக்கம் எல்லாம் சரிவு, கரும்புத் தோட்டமாக இருந்த நிலம். சரிவை வெட்டிச் சமப்படுத்தி, கீழ்ப்பக்கம் மண்ணை நிரப்பி, கான்கிரீட் பெட்டிக்கற்களை அடுக்கித் தடுப்புச்சுவர் வைக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள், சரிவில் இருந்த வீடுகள் மண்ணோடு போயின. எங்கள் காம்ப்ளெக்ஸில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்பக்கத் தடுப்புச்சுவர் மட்டும் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. வடிகால் குழாய் வைக்காமல் கட்டியிருந்தார்கள் என்று எஞ்சினியர் எழுதினார். கட்டியவர் யார் என்று தேடினால், அந்த ஒரு திட்டத்துக்காக மட்டும் தொடங்கிய கம்பெனி, வேலை முடிந்ததும் மூடிவிட்டார்கள். இன்சூரன்ஸ், கட்டுமானக் குறைக்குப் பொறுப்பில்லை என்றது. கடைசியில் ஸ்பெஷல் லெவி, வீட்டுக்கு வீடு. கிழவிகள் ஓய்வூதியத்திலிருந்து கட்டினார்கள்.

ஆகவே தம்பி, சுவரில் வடிகால் துளைகள் இருக்கின்றனவா, மழைக்குப் பின் அவற்றிலிருந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நல்லது. வராமல் சுவர் முழுக்க ஈரமாக இருந்தால் அந்தச் சரிவின் கீழே உள்ள வீட்டை எடுக்க வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியும். அந்த வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்தப் பக்கத்துச் சனங்கள் மாதக் கணக்கில் டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். காம்ப்ளெக்ஸுக்குப் பொதுத் தொட்டி இல்லை என்றால் அதுவும் ஒருநாள் ஸ்பெஷல் லெவியாக வரும்.

2024 ஏப்ரல் 21

மார்ச் 26க்குப் பிறகு எஸ்காம் என்ற அரசு மின் நிறுவனம் மின்வெட்டே செய்யவில்லை. இன்வெர்ட்டரை வாங்கிக்கொள் வாங்கிக்கொள் என்று துரத்திய டெவலப்பரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து என்ன இலவசமோ.

2024 ஜூலை 28

ஜார்ஜ் நகரத்தில் மே 6 அன்று கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி விழுந்து 34 பேர் இறந்த பிறகு, புது வீடு என்றாலே பயமாக இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். டூப்ளெக்ஸ் வேறு, ஐந்து மாடிக் கட்டடம் வேறு. ஆனால் பயத்தை வேலையாக மாற்றலாம்.

புது வீடுகளைப் பதிவு செய்து உத்தரவாதம் தரும் அமைப்பான என்.எச்.பி.ஆர்.சி.யின் பதிவு இல்லாமல் புது வீட்டுக்கு வங்கி பாண்டு கொடுக்கக் கூடாது. கட்டத் தொடங்குவதற்கு 15 நாள் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். காம்ப்ளெக்ஸுக்குப் பொதுவாக இருக்கிறது என்று சொன்னால் போதாது, உங்கள் வீட்டு எண்ணுக்கு உரிய சான்றிதழைக் கேளுங்கள். குடியேறிய நாளிலிருந்து சின்னக் குறைகளுக்கு 3 மாதம், கூரை ஒழுகலுக்கு 1 வருடம், அஸ்திவாரம், சுவர் போன்ற பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 5 வருடம். தடுப்புச்சுவர் இதில் வருமா என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அங்கேதான் சண்டை வரும்.

முனிசிபாலிட்டியின் குடியேற்றச் சான்றிதழ் வராமல் சாவி வாங்காதீர்கள். சாவி வாங்கிவிட்டால் பத்திரம் பதிவாகும் வரை குடியேற்ற வாடகை ஓடும், பதிவு தள்ளிப்போனால் நஷ்டம் உங்களுக்கு, லாபம் அவருக்கு. ஒப்பந்தத்தில் அந்த வாடகைக்கு ஓர் உச்சவரம்பும் ஒரு கடைசித் தேதியும் எழுதச் சொல்லுங்கள். ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்ற வரி படிவத்தில் இருந்தாலும், வீடு விற்பதே தொழிலாக உள்ளவர் சாதாரணக் குடும்பத்துக்கு விற்கும்போது அதன் பின்னால் ஒளிய முடியாது, நுகர்வோர் சட்டம் விடாது. இருந்தும் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

2024 செப்டம்பர் 22

வியாழக்கிழமை வட்டி இறங்கியது. பிரைம் 11.50. "இப்போதே வாங்குங்கள், இனி விலை பறக்கும்" என்று ஒரே இரைச்சல். 16,50,000 பாண்டுக்கு இந்தக் கால் சதவீதம் மாதம் 285 ராண்ட். ஒரு குடும்பம் பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய நம்மூர்ச் சாப்பாடு) சாப்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

2024 நவம்பர் 24

சரி, நடந்தது இது. தம்பி அதே காம்ப்ளெக்ஸில் வாங்குகிறார். என் யோசனை வேறாக இருந்தது, இரண்டு தெரு தள்ளி ஐந்தாறு வருடப் பழைய காம்ப்ளெக்ஸில் இடம் பார்க்கச் சொல்லியிருந்தேன், அங்கே கட்டடம் எங்கே விரிசல் விடும் என்பது தெரிந்துவிட்டது, மூன்று வருடக் கணக்கு வழக்குகளையும் வாங்கிப் படிக்கலாம். அங்கே போய்ப் பார்த்தார்கள், வீட்டில் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆனால் 16,50,000க்கு வாங்கவில்லை. முழு விலைக்கும் பாண்டு கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு 15 லட்சத்தைத் தாண்டவில்லை, வங்கி அதற்கு மேல் தர மறுத்தது, ஒப்பந்தம் தானாகக் காலாவதியானது. நாமெல்லாம் வருடக்கணக்கில் கத்தியும் இறங்காத டெவலப்பர், வங்கி ஒரு தாள் அனுப்பியதும் 14,95,000க்கு வந்தார். முன்பணம் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் இருந்ததால் அதுவும் வட்டியோடு பத்திரம். ஏஜென்ட் அந்த நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னபோது எடுக்காதவருக்கு ஒரு சபாஷ்.

இந்த வாரம் பிரைம் 11.25க்கு வந்திருக்கிறது. இந்த விலைக்கு மாதம் 15,690 போல வரும். 2023 ஜூனில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைய வட்டியிலும் 17,310 கட்டிக்கொண்டிருப்பார். வட்டி இறங்கியதில் கிடைத்தது 570, அது அன்றே வாங்கியிருந்தாலும் கிடைத்திருக்கும்; விலைக்காகக் காத்திருந்ததில் கிடைத்தது 1,620. இடையில் கொடுத்த வாடகையைக் கழிக்க வேண்டாமா என்று மிட்ராண்ட் அண்ணன் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: முதல் வருடங்களில் பாண்டில் போவது கிட்டத்தட்ட எல்லாம் வட்டிதான், அது வாடகையைவிட அதிகம்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு விடவில்லை. 14,95,000 பதிவானதும் அங்கே முன்பே 16.5 கொடுத்தவர்கள் வாசலில் நிற்பார்கள். தம்பிதான் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

2025 மார்ச் 16

பத்திரம் பதிவாகிவிட்டது, பால் காய்ச்சினார்கள், புகை எச்சரிக்கைக் கருவி அலறியது, எல்லோரும் வெளியே ஓடினோம்.

இரண்டு வேலை பாக்கி. மூன்று மாதக் குறைப் பட்டியலை ஃபோர்மனிடம் வாயால் சொல்லாதீர்கள், படத்தோடு, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள், நகல் என்.எச்.பி.ஆர்.சி.க்கு. குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அது வடிகால் பக்கம் போகிறதா வாசல் பக்கம் போகிறதா என்று பாருங்கள், புது வீடுகளில் பாதி அங்கேதான் மாட்டும்.

அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டம். கணக்கு அறிக்கையில் டெவலப்பரின் லெவி பாக்கி தனி வரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை தூக்கிக் கேளுங்கள். டிரஸ்டியாக யாரும் நிற்க மாட்டார்கள், எல்லோரும் செல்போனைப் பார்ப்பார்கள். நீங்கள் நில்லுங்கள். 25ஆம் பிரிவு வரைபடத்தின் நகலையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.